ஆறாயிரத்தில் போன கிளட்ச்

இது எங்கோ கேள்விப்பட்டது இல்லை, ஜோடித்ததும் இல்லை. நடந்தது. அந்த வெள்ளைக் காரைப் பிரித்துப் போட்ட மெக்கானிக் கருப்புசாமி இன்றைக்கும் சுந்தராபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். ஓட்டிய சாந்தாமணி இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் ரங்கராஜும் இருக்கிறார். மூவரில் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பயம் ஒரு பங்கு என்றால் அருவருப்பு மூன்று பங்கு. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் இருந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

1996 சித்திரையில் ரங்கராஜ் புதுக் கார் எடுத்தார். கிணத்துக்கடவில் தோப்பு, தேங்காய் வியாபாரம் என்று வசதியான குடும்பம். சாந்தாமணி கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். காலையில் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவாள், சாயங்காலம் பஸ் கிடைக்காமல் இருட்டிய பிறகு வந்து சேர்வாள். மாமியார் தெய்வாத்தாளுக்கு அது ஆகவே ஆகாது. வேலையை விடச் சொல்லி மாதக் கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். கடைசியில் ரங்கராஜ் நடுவில் புகுந்து ஒரு வழி செய்தார். கார் வாங்குவது, அவளே ஓட்டிப் போவது, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புவது. கார் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் வேலையும் இருக்கும். அப்படித்தான் பேச்சு.

ஆவணியில் கிளட்ச் போய்விட்டது.

வண்டி ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. மலுமிச்சம்பட்டி தாண்டி ஒரு சின்ன மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் குப்பென்று உள்ளே ஏறியது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கயிறு கட்டி இழுத்துத்தான் கருப்புசாமியின் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“ஏனுங்க அம்மணி, கிளட்ச் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறீங்களா?” என்றார் கருப்புசாமி.

“இல்லீங்க.”

“பிளேட்டைப் பாருங்க, தேஞ்சு தகடாப் போச்சு. நாப்பதாயிரம், அம்பதாயிரம் ஓடோணுமுங்க இது. எந்நேரமும் பெடலைப் பாதி அமுக்கிட்டே ஓட்டுனாத்தான் இப்படித் தேயும்.”

கம்பெனியில் கேட்டதற்கும் அதே பதில். வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவர் கோளாறு. வாரண்டி கிடையாது. வீட்டில் தெய்வாத்தாளுக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆயிற்று.

“பொம்பளை ஓட்டுனா இதுதான் கதி. இன்னொருக்கா போச்சுன்னா வண்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம். சொல்லிப்போட்டேன் கண்ணு.”

ரங்கராஜ் வாயைத் திறக்கவில்லை. சாந்தாமணிக்கு மாமியார் சொன்னதைவிட அதற்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பெடல் மேல் கால் வைத்து ஓட்டுகிறவளே இல்லை. கியர் போட்டதும் இடது காலை எடுத்து ஓரமாகத் தரையில் வைத்துவிடுவாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யார் நம்புவது?

புது கிளட்ச் மாட்டிக் கொடுத்த அன்று கருப்புசாமி ஒரு யோசனை சொன்னார். “கொஞ்ச நாளைக்குச் செருப்பைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட ஓட்டுங்க. செருப்புப் போட்டிருந்தா காலு பெடல் மேல இருக்கறதே தெரியாதுங்க. வெறுங்காலுன்னா தெரிஞ்சுபோகும்.”

நல்ல யோசனைதான். தெரிந்துபோயிற்று.

முதல் நாள் காலை. வீட்டை விட்டு எடுத்தபோது ஒன்றுமில்லை. ஒத்தக்கால்மண்டபம் நெருங்கும்போது கியர் மாற்ற இடது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள். ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை, பிசுபிசுவென்று ஓர் ஈரம். காலை எடுத்துப் பார்த்தாள். பாதம் காய்ந்துதான் இருந்தது. பெடல் ரப்பரும் காய்ந்துதான் இருந்தது.

வேர்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது நாற்றம் வந்தது. எலி ஏதாவது சீட்டுக்கு அடியில் செத்துக் கிடக்கிறதோ என்று வீட்டுக்கு வந்து ரப்பர் மேட்டையெல்லாம் எடுத்து உதறினாள். ஒன்றுமில்லை. டெட்டால் ஊற்றித் துடைத்தாள். மறுநாள் காலையில் டெட்டால் வாசம் மேலே, அந்த நாற்றம் அடியில் என்று இரண்டும் கலந்து அடித்தது. எலி நாற்றம் இல்லை அது. பெரியாஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற இடத்தில் வருமே, அது. சீழ் நாற்றம்.

அன்றைக்கும் ஒத்தக்கால்மண்டபம். அவள் இடது கால் தரையில் இருந்தது. வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது. வேகம் ஏறவில்லை. யாரோ கிளட்ச்சைப் பாதி அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

பெடலைச் சரிபார்க்கக் காலைத் தூக்கி வைத்தாள்.

ரப்பர் மேல் படவில்லை கால். வேறு எதன் மேலோ பட்டது. மெத்தென்று... குளிர்ந்து... ஊறின தோல் மாதிரி. அழுத்தினால் உள்ளே போயிற்று. எடுத்தால் மேலே வரவில்லை. குழி விழுந்த மாதிரி அப்படியே நின்றது.

ஒரு நகம் அவள் பாதத்தில் கீறியது.

வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். காலை எட்டு மணி வெயில். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளில் பால்காரர் போனார். குனிந்து பெடல்களைப் பார்த்தாள். மூன்று பெடல், ஒரு ரப்பர் மேட். வேறு ஒன்றும் இல்லை. அவள் பாதத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு, மெல்லிசாக.

யாரிடம் சொல்வது? பெடல் மேல் வேறு ஒரு கால் இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னால் தெய்வாத்தாள் என்ன சொல்வார் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. சாவியைப் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். செருப்பு போட்டு ஓட்டிப் பார்த்தாள். தெரியாமல் இருந்தது, ஆனால் தெரியாமல் இருப்பது இன்னும் கேவலமாக இருந்தது. எதன் மேல் மிதிக்கிறோம் என்று தெரிந்துகொண்டே மிதிப்பதை நீங்கள் நினைத்துப் பாருங்கள்.

அந்த வாரக் கடைசியில் அது இடம் மாறியது.

கியர் மாற்றக் காலை வைத்தாள். இந்தத் தடவை ரப்பர்தான் பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதற்குள் மேலிருந்து வந்து படிந்தது. அவள் பாதத்தின் மேல். கனமாக. ஈரமாக. அழுத்திப் பிடித்துக்கொண்டது. பிறகு அதன் கட்டை விரல் அவள் கணுக்காலில் மெதுவாகத் தேய்த்தது... இரண்டு தடவை.

அப்போதுதான் அவளுக்குக் கால் யாருடையது என்று தெரிந்தது.

கார் எடுப்பதற்கு முன்னால், தை மாதம், அவள் பொள்ளாச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழகினாள். பழைய அம்பாசிடர். முன்னால் நீளமாக ஒரே சீட்டு, நடுவில் தடுப்பே கிடையாது. சொல்லிக் கொடுத்தவர் பேர் மாசாணம். ஐம்பது வயது, பெண்ணைக் கட்டிக் கொடுத்த மனுஷன். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவான். வலது காலை இந்தப் பக்கம் நீட்டி, அவள் கால் மேல் வைத்து அமுக்குவான். “ஹாஃப் கிளட்ச் இப்படித்தான் பழகோணுமுங்க அம்மணி” என்பான். வெடித்த பாதம், வேர்வை ஈரம். அமுக்கிக்கொண்டே கட்டை விரலால் கணுக்காலில் தேய்ப்பான். ஸ்டியரிங் பிடித்த அவள் கை மேல் வலது கையையும் வைத்துக்கொள்வான். தூ! அவனுக்கு மரியாதை ஒரு கேடா? அங்கே பழகின எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் சொன்னதில்லை. சொன்னால் வண்டி பழகுவது நின்றுபோகும். லைசென்ஸ் இல்லை, கார் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து பாதத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள் சாந்தாமணி.

லைசென்ஸ் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனாள். மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவர்கள் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அவளும் ஒரு கை வரமிளகாய் வாங்கி அரைத்தாள். கண் எரிந்தது, கை எரிந்தது. பேர் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு நின்றுவிட்டது. அவனுக்குப் பொண்டாட்டி, பிள்ளை இருக்கிறார்கள். போதாததற்கு அம்மன் பேரையே வைத்துக்கொண்டிருக்கிறான். ஆளைச் சபிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“என்னெத் தொட்டது அழுகிப் போகோணும்” என்று மட்டும் சொல்லிப் பூசிவிட்டு வந்தாள். ஆளை விட்டுவிட்டோம், பெரிய மனசு என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

இதையெல்லாம் அவள் மறந்தே போயிருந்தாள். இப்போது அந்தக் கால் அவள் கால் மேல் இருந்தது.

மூன்றாவது வாரம் புது கிளட்ச்சும் கருக ஆரம்பித்தது. வாசல் சரிவில் ஏறும்போதே புகை வந்தது. தெய்வாத்தாள் வெளியே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன கருமாந்தர நாத்தம் இது? இத்தோட சரி. நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடு” என்றார்.

சாந்தாமணி கணவனைப் பார்த்தாள். “ஏனுங்க, ஒரே ஒருக்கா எங்கூட வந்து உக்காருங்க. நான் பெடல் மேல காலு வெக்கறனான்னு நீங்களே பாருங்க. வெச்சிருந்தா நாளைக்கே எழுதிக் குடுத்தர்றேன்.”

ரங்கராஜ் வந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது. தோப்பு வழியாகப் போகிற தார் ரோடு. எதிரே வண்டி இல்லை. மூன்றாவது கியர் போட்டதும் அவள் சேலையைச் செருகிக்கொண்டு இடது காலைத் தூக்கிச் சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டாள்.

“பாத்துக்குங்க.”

அவர் குனிந்து பார்த்தார்.

பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது.

தானாக.

பாதி வரைக்கும் போய் நின்றது. இன்ஜின் அலறியது. வண்டி துவண்டது. கருகல் வாடை... அதற்குப் பின்னால் அந்த இன்னொரு வாடை.

“கேபிள் ஏதோ மாட்டிக்கிச்சு” என்றார் ரங்கராஜ். குனிந்து, பெடலை மேலே தூக்கிவிடக் கையை நீட்டினார்.

“வேண்டாமுங்க...”

கை அங்கே போய்ச் சேரவில்லை. வழியிலேயே எதையோ பிடித்துவிட்டது.

ஒரு விநாடி அப்படியே இருந்தார்.

பிறகு கையை உதறிக்கொண்டு கதவைத் திறந்தார். வண்டி நிற்பதற்குள் விழுந்தடித்து இறங்கினார். வரப்பில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

அவள் இறங்கி ஓடி வந்தபோது, மண்ணை அள்ளி அள்ளி உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தோலு கழண்டு வந்துதுடி...” என்றார். “கையோட வந்துது.”

உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். வழியில் அவள் மாசாணத்தைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். மிளகாய் அரைத்ததையும் சொன்னாள்.

“அப்பவே ஏன் எங்கிட்டச் சொல்லுல?”

“சொல்லியிருந்தா கார் எடுத்துக் குடுத்திருப்பீங்களா?”

ரங்கராஜ் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நடந்தார். பிறகு, “அவன் செத்திருப்பான். அதான் இப்படி வருது. அவன் ஊட்ல சொல்லித் திதி குடுக்கச் சொல்லிரலாம்” என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போனார்கள். மாசாணத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. சந்துக்குள் நுழையும்போதே சாந்தாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த நாற்றம்தான்.

அவன் மனைவி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உடுத்துகிற துணி இல்லை, புண்ணுக்குக் கட்டுகிற துணி. ரங்கராஜ் தயங்கித் தயங்கி, “உங்க ஊட்டுக்காரருக்குத் திதி...” என்று ஆரம்பித்தார்.

“திதியா? யாருக்குங்க?” என்றாள் அவள்.

“யாரு வந்திருக்கறது?” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

மாசாணம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிரோடு. வலது கால் முழங்காலோடு முடிந்துபோயிருந்தது. நுனியில் பழுப்பும் மஞ்சளுமாகக் கட்டு. ஈ மொய்த்தது.

“சக்கரைப் புண்ணுங்க” என்றாள் மனைவி. “மாசிக் கடைசியில சின்னக் கொப்புளமாத்தான் வந்துச்சு. ஒரே மாசத்துல அழுகிப் போச்சு. சித்திரையில எடுத்துப்போட்டாங்க. இன்னும் புண்ணு ஆறலீங்க.”

சாந்தாமணி வாசற்படியைத் தாண்டவில்லை. அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். சிரித்தான்.

“அம்மணீங்களா? கார் எடுத்துட்டீங்களாமா? நல்லா ஓடுதுங்களா?”

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“காலு போச்சுங்க” என்றான். “ஆனா போன மாதிரியே இல்லீங்க. அப்படியே இருக்குது. காலைல ஏழரை, எட்டானா எதையோ மிதிக்குதுங்க. சாயங்காலம் ஒருக்கா. மெத்து மெத்துன்னு... நல்லா இருக்குதுங்க.”

ரங்கராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தை விட்டு வெளியே வந்தார். செத்தவனுக்குத் திதி கொடுக்கலாம். வெட்டிப் போட்ட ஒரு காலுக்கு எந்த ஐயரைக் கூப்பிட்டு என்ன செய்வது?

காரை விற்றுவிட்டார்கள். அவிநாசியில் ஒரு ஜவுளிக்காரர் வாங்கினார். அவர் கையில் வண்டி மணியாக ஓடியது, கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. சாந்தாமணி பழையபடி பஸ்ஸில் போனாள். தெய்வாத்தாள் முனகியபோது ரங்கராஜ் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார். “அவ வேலைக்குப் போகட்டும். இனி இதைப் பத்தி ஊட்ல பேச்சே வேண்டாம்” என்றார். அம்மாவும் அடங்கிவிட்டார். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. பஸ்ஸில் யார் காலை மிதித்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். மற்றபடி ஒன்றுமில்லை. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள். கரும்பலகையில் பாதி வரி எழுதியிருந்தாள்.

முன் பெஞ்சில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மேடம், ஏதோ நாறுது” என்றாள்.

சாக்பீஸ் நின்றது.

பிடித்திருந்த கையின் மேல்... ஏதோ படிந்தது.

ஈரமாக.

விரல் விரலாக.

சாக்பீஸை அப்படியே போட்டுவிட்டு அவள் வகுப்பை விட்டு ஓடினாள். வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொல்லைத் தொட்டியில் கையை முக்கிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தோல் சிவந்து எரிகிற வரைக்கும் கழுவினாள். இனி அந்தக் கரும்பலகை பக்கமே போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ரங்கராஜ் பொள்ளாச்சி சந்தையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

“அந்த மாசாணம் பொண்டாட்டியைப் பாத்தேன், சந்தையில. முந்தாநாளு அவனுக்கு வலது கையையும் எடுத்துப்போட்டாங்களாமா.”

தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“அந்தம்மா அழுகுது. இன்னும் மேல மேல ஏறுதாமா சாந்தா. எங்க போயி நிக்கும்னு டாக்டருக்கே தெரியலையாம்.”